வணக்கம் சொல்லி முடிப்பதற்குள்

எங்கள் வீட்டு மைக்ரோவேவ் வேலையை முடித்ததும் ‘டிங்’ என்று ஒரு மணி அடிக்கும். சாம்பார் சூடாகிவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம். ஆனால் அந்தச் சத்தம் கேட்டால் என் மனைவி கல்யாணியும் மகளும் சாம்பாரைப் பார்ப்பதில்லை, என்னைப் பார்க்கிறார்கள். நான் பேசிக்கொண்டிருந்தால் அந்தச் சொல்லோடு நிறுத்திவிட வேண்டும். வாக்கியம் நடுவழியில் நின்றாலும் சரி. அது வீட்டுச் சட்டம். (நான் ஏதாவது ஒரு வாக்கியத்தின் நடுவழியில் இல்லாத நேரம் குறைவு.)

நான் வசன கவிதை எழுதுகிறவன். பகலில் ஒரு கணினி நிறுவனத்தில் மென்பொருளைச் சோதிக்கிறேன், மற்ற நேரமெல்லாம் மேகங்களைச் சோதிக்கிறேன். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இரண்டாவது வேலைக்குத்தான் ஓய்வே கிடையாது. இங்கே நடக்கும் தமிழ் விழாக்களில் வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை எதுவானாலும் என்னைக் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டாலும் போவேன். முன்வரிசையில் உட்கார்ந்து, மைக்கையே பார்த்துக்கொண்டிருப்பேன். யாராவது மனமிரங்கிக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

வசந்தி அக்கா ஒனிஹங்காவில் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், தனியாள், வாயைத் திறந்தால் எதிராளி சிரித்தாக வேண்டும். முதுகுத்தண்டில் வந்த ஒரு நோய்க்குப் பிறகு சக்கர நாற்காலி. நியூ லின்னில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கணக்குப் பார்க்கிறார். காலை ஏழு மணிக்கு உதவியாள் ஒருவர் வந்து, கட்டிலிலிருந்து இறக்கி, குளிக்க வைத்து, உடுத்திவிட்டுப் போவார். பிறகு நாற்காலியோடு ஏற்றிக்கொள்ளும் டாக்சி வரும், அக்கா வேலைக்குப் போய்விடுவார். அவ்வளவுதான் ஏற்பாடு. அந்த ‘அவ்வளவுதான்’ மேல்தான் அவருடைய வாழ்க்கை முழுவதும் நின்றுகொண்டிருந்தது.

அந்தக் குளிர்காலத்தில், உதவியாளை அனுப்பும் நிறுவனம் ஆள் பற்றாக்குறை என்று சொல்லிப் பத்து மணிக்குத்தான் இனி ஆள் வரும் என்றது. கடை திறப்பதோ ஒன்பதுக்கு. கடை முதலாளி நல்ல மனிதர், கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்வதாகச் சொன்னார். அதற்கு மேல் வேறு ஆளைத்தான் தேட வேண்டியிருக்கும் என்பதையும் அதே நல்ல குரலில் சொன்னார்.

அந்தச் சமயம் பார்த்து, மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி பற்றியும் வீட்டுக்கு வந்து செய்யும் பராமரிப்பு பற்றியும் மக்கள் சொல்வதைக் கேட்க, நாடாளுமன்றக் குழு ஒன்று ஊருக்கு வந்தது. மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு கூடத்தில் அமர்வு. யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம், ஆளுக்கு ஐந்து நிமிடம்.

“எனக்குக் கூட்டங்களில கதைச்சுப் பழக்கமில்லைத் தம்பி. மைக்கைக் கண்டா வாய் காஞ்சு போகும்” என்றார் அக்கா.

“நீங்க பக்கத்தில இருந்தாப் போதும்க்கா. பேச்சை நான் பார்த்துக்கிறேன்.”

அக்கா பக்கத்தில் நின்ற கல்யாணியைப் பார்த்தார். கல்யாணி கூரையைப் பார்த்தாள்.

“விஷயத்தை மட்டும் சொல்லுவீரே?”

“விஷயத்தை மட்டும்தான்க்கா.”

“ஏழு மணிக்கு ஆள் வேணும். அதுதான் விஷயம். விளங்குதே? வேற ஒண்டும் இல்லை.”

“ஏழு மணி” என்றேன், சத்தியம் செய்கிறவன் குரலில். ஆனால் அந்த நிமிடமே மனம் ஏழு மணியை விட்டுப் பறந்துவிட்டது. ஏழு மணி என்றால் விடியல். விடியல் என்றால் எங்கள் பக்கத்து மனுக்காவ் துறைமுகக் கரை. மனுக்காவ் கரை என்றால் நீர் வடிந்த சேற்றில் ஒற்றைக்காலில் நிற்கும் பறவை. (இப்படி ஒரு மூளையோடு நாற்பத்தைந்து வயதுவரை நான் வேலையில் இருந்ததே பெரிய விஷயம்.)

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் ஒத்திகை. “அஞ்சு நிமிஷம்னா அஞ்சு நிமிஷங்க. நீங்க தொண்டையைச் செருமி முடிக்கவே பாதி நேரம் போயிடும்” என்றாள் கல்யாணி.

“எடுத்த எடுப்பில ‘ஆள் அனுப்பு’ன்னா கேட்க முடியும்? ஒரு அவை மரியாதை இல்லையா?”

என் பக்கமும் நியாயம் இருந்தது. இந்த நாட்டு மாவோரி மக்களின் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். அவர்கள் மலையை வணங்கி, ஆற்றை வணங்கி, முன்னோரை வணங்கி, அவசரமே இல்லாமல் விஷயத்துக்கு வருவார்கள். பார்க்கப் பார்க்க எனக்குக் கண் கலங்கும். அட, இவர்கள் நம்ம ஆட்கள், இங்கே ஐந்து நிமிடம் என்பதெல்லாம் பேச்சுக்குச் சொல்வது என்று முடிவு கட்டிவிட்டேன். அவர்கள் வணக்கம் சொல்வது அவர்களுடைய சொந்த அவையில், நேரமும் அவர்களுடையது என்பது எனக்குத் தோன்றவில்லை.

குழு உறுப்பினர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் இணையத்தில் தேடிப் படித்து, ஆளுக்கு ஒரு பாராட்டு தயாரித்தேன். அலமாரியைத் திறந்து ஒரு பொன்னாடையும் எடுத்துக்கொண்டேன். போன பொங்கல் விழாவில் எனக்குப் போர்த்தியது. (வெளிநாட்டுத் தமிழ் விழாக்களில் பொன்னாடைகள் ஓய்வதில்லை, தோள் மாறிக்கொண்டே இருக்கும். மடிப்புக் கலையாமல் வைத்திருப்பதுதான் வாங்குகிறவரின் கடமை.)

அமர்வன்று நல்ல மழை. கூடத்தில் உறுப்பினர்கள் வளைந்த மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். ஒருவர் மட்டும் திரையில் தெரிந்தார். நடுவில், நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய ஒரு பெண்மணி, குழுவின் தலைவர். ஓரத்தில் ஒரு அலுவலர், அவர் முன்னால் வரவேற்பு மேசைகளில் இருப்பது போன்ற குட்டி மணி. எங்களை அழைத்தார்கள். நான் எழுந்து நின்றேன். மற்றவர்கள் எல்லாம் உட்கார்ந்தபடியேதான் பேசினார்கள் என்பது அப்போது கண்ணில் படவில்லை.

நான் பேசியது ஆங்கிலத்தில். அதை மறக்காமல் இதைப் படியுங்கள்.

“இந்த அவையின் நடுவே முழுநிலவென வீற்றிருக்கும் மாண்புமிகு தலைவர் அவர்களே” என்று தொடங்கினேன். தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். அடுத்து, அவருக்கு வலப்புறம் இருந்தவர். பிறகு இடப்புறம். பண்ணைக் குடும்பத்திலிருந்து வந்த ஓர் உறுப்பினரை, பசுக்களின் பொறுமையைக் கற்றவர் என்று புகழ்ந்தேன். நான் தன்னைத் திட்டுகிறேனா என்று அவர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். திரையில் தெரிந்தவருக்குக் கைகூப்பினேன். அந்த நேரம் பார்த்துப் படம் உறைந்துவிட்டது. மரியாதையில் குறை வைக்கக்கூடாதே என்று, அவர் அசையும்வரை கூப்பிய கையோடு காத்திருந்தேன்.

அக்கா என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார். உற்சாகப்படுத்துகிறார் என்று எடுத்துக்கொண்டேன். மனுக்காவ் கரைக்குப் போனேன். நீர் வடிந்தது. பறவை வந்தது. ஒற்றைக்காலில் நின்றது.

‘டிங்.’

தமிழ் மேடையில் மணிக்கு இருக்கிற மரியாதையே வேறு. முதல் மணி, பேச்சாளர் தண்ணீர் குடிப்பதற்கு. இரண்டாவது மணி, ‘இறுதியாக ஒன்று’ என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குவதற்கு. மணி அடித்தவர் கை வலித்து ஓய்ந்தால்தான் அது பேச்சு. ஆகவே நான் அந்த அலுவலரைப் பார்த்துப் புன்னகைத்து, தண்ணீர் குடித்தேன். “இப்போது விஷயத்துக்கு வருகிறேன்” என்றேன்.

“நன்றி, உங்கள் நேரம் முடிந்துவிட்டது” என்றார் தலைவர்.

“தொடங்கவே இல்லையே” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நேரம் முடிந்தால் என்ன, மரியாதை பாக்கி இருக்கிறதே என்று பொன்னாடையை உதறி விரித்துக்கொண்டு மேசையைச் சுற்றி நடந்தேன். தலைவர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். நாங்கள் பரிசு எதுவும் வாங்கக்கூடாது, தயவுசெய்து வேண்டாம் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பாதி ஆடை அவர் தோளில் விழுந்துவிட்டது, மீதி ஜரிகை மைக்கில் மாட்டிக்கொண்டது. நான் இழுத்தேன். மைக் சாய்ந்து மேசையில் விழுந்த சத்தம் ஒலிபெருக்கி வழியாகக் கூடம் முழுவதும் இடித்தது. வெளியே இடிக்கிறதோ என்று சிலர் ஜன்னலைப் பார்த்தார்கள்.

அலுவலர் வந்து பொன்னாடையை விடுவித்தார், அழகாக மடித்தார், யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அக்காவின் மடியில் வைத்தார். நான் நாற்காலியில் விழுந்தேன். பசுவும் பறவையும் நிலவும் எல்லாம் வந்துபோய்விட்டன. ஏழு மணி மட்டும் வரவில்லை. அக்காவின் வேலையை நான் மேகத்தில் தொங்கவிட்டுவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு உவமை எதுவும் தோன்றவில்லை.

தலைவர் அக்காவைப் பார்த்து, “நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா? ஒரு நிமிடம் தரலாம்” என்றார்.

அக்கா பொன்னாடையைப் பிரித்து, முழங்கால்மேல் போர்த்திக்கொண்டார். கூடம் குளிராகத்தான் இருந்தது. அவரும் ஆங்கிலத்தில்தான் பேசினார். என் காதில் மட்டும் அது இன்றுவரை அவருடைய தமிழிலேயே கேட்கிறது.

“இந்தத் தம்பி நல்ல பிள்ளை. நீங்கள் குடுத்த நேரம் முழுக்க வணக்கம் சொல்லியே முடிச்சிட்டார். இவர் எப்ப விஷயத்துக்கு வருவார் எண்டு நீங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு இருந்தனீங்கள். என்ட காலமை விடியிறதும் இப்ப அப்பிடித்தான். கட்டிலில கிடந்து, எப்ப என்ட நாள் தொடங்கும் எண்டு பார்த்துக்கொண்டு இருக்கிறன். பத்து மணிக்கு ஆள் வந்து என்னை உடுத்தி முடியக்குள்ள மணி அடிச்சிடும். என்ட வேலை போயிடும். எனக்கு ஏழு மணிக்கு ஆள் வேணும். அவ்வளவுதான்.”

நிமிடம் முடியவில்லை. மணி அடிக்க வேண்டியிருக்கவில்லை. முதலில் சிரித்தவர் பண்ணைக்கார உறுப்பினர். பிறகு சிரிப்பு அடங்கி, எல்லோரும் எதையோ எழுதினார்கள். தனிப்பட்ட ஒருவரின் விஷயத்தில் குழு உத்தரவு போட முடியாது, ஆனால் அறிக்கை எழுதும்போது இதை மறக்க மாட்டோம் என்றார் தலைவர். (மறப்பது கஷ்டம்தான்.)

எங்களுக்கு அடுத்துப் பேசக் காத்திருந்தவர், அக்காவுக்கு ஆள் அனுப்பும் அதே நிறுவனத்தின் அதிகாரி. பாவம், அந்தப் பெண் தன் பேச்சில் ஆள் பற்றாக்குறை என்ற சொல்லுக்கு வந்ததும் நிறுத்தி, எங்களைத் திரும்பிப் பார்த்தார். பேசி முடித்தவர் வாசலில் எங்களைப் பிடித்து, அக்காவின் விவரங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியில் நான் வாயே திறக்கவில்லை. அக்காவுக்கு அதுதான் பயமாக இருந்திருக்க வேண்டும்.

“என்ன தம்பி, சுகமில்லையே?”

“உங்க வேலையைக் கெடுத்துட்டேன்க்கா.”

“நீர் ஒழுங்காக் கதைச்சிருந்தா நான் வாய் திறந்திருக்க மாட்டன். பேசாம வாரும்.”

கடை முதலாளியின் பொறுமை தீர்வதற்குச் சற்று முன்னால், ஏழு மணி ஆள் திரும்பி வந்தார். வாரத்தில் ஒரு நாள் ஏழரையாகிவிடும், அதற்கு அக்கா தொலைபேசியில் அவர்களைச் சிரிக்க வைத்தே திட்டுவார். பொன்னாடை திரும்பி வரவில்லை. குளிர்காலம் முழுவதும் அதைத்தான் முழங்காலில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார். இப்போது என்னை எந்த விழாவுக்கு அழைத்தாலும், கல்யாணி அழைத்தவரிடம் முதலில் கேட்பது மணி வைத்திருக்கிறீர்களா என்றுதான்.

இன்று காலையும் டாக்சி வந்தபோது நான் வாசலில் நின்றிருந்தேன். மழை விட்டிருந்தது. ஓட்டுநர் அக்காவின் நாற்காலியை ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். துறைமுகத்துக்கு மேலே மேகங்கள் பிரிந்து, ஒரு வெளிச்சம்.

“அக்கா, அங்க பாருங்களேன், அந்த வெளிச்சம் எப்படி இருக்குன்னா, யாரோ நேத்து ராத்திரி அழுது முடிச்சவங்க…”

அக்கா ஜரிகையை முழங்காலில் இழுத்துவிட்டுக்கொண்டு, கதவு மூடுவதற்குள் சொன்னார்:

“மிச்சத்தைப் பின்னேரம் வந்து கேக்கிறன், தம்பி. டிங்.”