கொள்கையளவில் அடைக்கலம்

கதவைத் திறப்பவர்கள் உலகத்தில் உண்டு. சாத்துபவர்களும் உண்டு. இந்த இரண்டு வகையினரையும் பற்றி எழுத ஒன்றுமில்லை, பார்த்தாலே தெரிந்துவிடும். நான் சொல்லவந்தது மூன்றாவது இனத்தைப் பற்றி. என் வீட்டுக் கதவு எல்லோருக்கும் எப்போதும் திறந்தே இருக்கிறது என்று தெருமுனையில் நின்று உரக்க அறிவித்துவிட்டு, சாவியை மட்டும் பத்திரமாக இடுப்பில் செருகிக்கொள்கிறாரே, அவர். அவருக்குக் கொள்கையளவில் ஆதரவாளர் என்று பெயர்.

அநியாயம் எவ்வளவு தூரத்தில் நடக்கிறதோ, இவருடைய வீரம் அவ்வளவு பெரியது. கடல் கடந்து ஒரு சர்வாதிகாரி தும்மினால் இவர் இங்கே கொதித்தெழுவார். பக்கத்து வீட்டுக்காரர் மழைநீர்க் கால்வாயை மறித்துச் சமையலறை கட்டினால், "அவங்களுக்கும் இடம் வேணும்ல?" என்பார். கூட்டங்களில் முதல் கேள்வி இவருடையதுதான். அந்தக் கேள்வி கால்மணி நேரம் ஓடும். முடிவில் அதில் கேள்வி என்று ஒன்றும் இருக்காது.

இந்த இனம் தனியாகவும் வாழும், கூட்டமாகவும் வாழும். கூட்டமாக வாழும்போது அதற்கு நாடு என்று பெயர்.

நம்பிக்கை இல்லையா? மிரோனைக் கேளுங்கள்.

மிரோன் வடக்கே, பனி கொட்டும் ஒரு நாட்டில் அரசாங்க உத்தியோகஸ்தர். எந்த நாடு என்று நான் சொன்னால் எனக்கும் அடைக்கலம் தேவைப்படும், விட்டுவிடுங்கள். தன் அரசாங்கம் நட்பு நாடுகளின் பிரதமர்கள், மந்திரிகள் எல்லோருடைய தொலைபேசியையும் ஒட்டுக்கேட்கிறது என்று கண்டுபிடித்து, அதைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு பெட்டியோடு விமானம் ஏறிய மனிதர். ஒட்டுக்கேட்கப்பட்ட நாடுகள் எல்லாம் துடித்துப்போயின. ஆழ்ந்த கவலை தெரிவித்தன. மிரோனின் துணிச்சலை மெச்சின. அவர் அடைக்கலம் கேட்டதும்தான் எல்லாருக்கும் வேறு வேலை வந்துவிட்டது.

ஒரு நாடு, தாராளமாகத் தருகிறோம், ஆனால் விண்ணப்பத்தை எங்கள் மண்ணில் நின்றுதான் கொடுக்க வேண்டும் என்றது. சரி, மண்ணுக்கு வருகிறேன் என்றார் மிரோன். மண்ணுக்கு வர விசா வேண்டுமே என்றது. விசா கொடுங்கள் என்றார். அடைக்கலம் கேட்கிறவருக்கு விசா தருவதில்லை என்றது. இன்னொரு நாடு, விண்ணப்பமே வரவில்லை என்றது. மூன்று முறை அனுப்பிய பிறகு, வந்தது, ஆனால் மொழிபெயர்ப்பாளர் விடுப்பில் இருக்கிறார் என்றது. வேறொரு நாடு, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று நெஞ்சைத் தட்டியது. தட்டிய கையோடு, தன்னிடம் வருகிற விமானங்களை நிறுத்தி வைத்தது. ஒரு தலைநகரில் அவருக்கு விருது கொடுத்தார்கள். அவர் வர முடியாததால் மந்திரியே மேடையேறி வாங்கிக்கொண்டார். இன்னொரு நகரம் ஒரு தெருவுக்கு அவர் பெயரை வைத்தது. அந்தத் தெருவில் ஒரு வீடு கொடுக்கவில்லை.

இப்படி விமான நிலைய நாற்காலிகளில் படுத்துப் படுத்து முதுகு வளைந்தவர், கடைசியில் எங்கள் நாட்டுக்குள் நுழைந்துவிட்டார். எப்படி என்கிறீர்களா? அன்று விமான நிலையத்தில் வரிசை நீளமாக இருந்தது. முத்திரை குத்துகிறவர் அவசரத்தில் சாதாரணச் சுற்றுலாப் பயணி என்று நினைத்துக் குத்திவிட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமையோடு அந்த அனுமதி முடிகிறது. அதற்குள் தலைநகர் ஜகார்த்தாவில் அகதி விண்ணப்பம் பதிவாக வேண்டும். பதிவாக ஒரு முகவரி வேண்டும். இந்த மனிதர் இன்ன வீட்டில் தங்கியிருக்கிறார் என்று அந்தப் பகுதித் தலைவர் சொல்ல வேண்டும். இல்லையென்றால் செவ்வாய்க்கிழமை ஊருக்கு விமானம். ஊரில் அவருக்காகத் தயாராக இருந்த அறைக்கு வெளியே மட்டும்தான் தாழ்ப்பாள்.

இந்த நிலையில்தான் எங்கள் ஜோக்ஜா நகரத்தில் கருத்துச் சுதந்திரம் பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. மிரோன் பேசினார். முதல் கேள்வி கேட்டவர் எங்கள் சந்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற விரிவுரையாளர் பாக் ஹார்தோயோ. பாக் என்றால் எங்கள் ஊரில் ஐயா. கேட்டு முடித்துவிட்டு, மைக்கைக் கொடுக்க மனமில்லாமல், "மிஸ்டர், உலகமே கைவிட்டாலும் ஹார்தோயோ கைவிட மாட்டான். என் வீடு உங்க வீடு மாதிரி. எப்ப வேணா வாங்க, எத்தனை நாள் வேணா தங்குங்க!" என்றார். அரங்கம் கை தட்டியது. மிரோன் பையிலிருந்து பேனாவை எடுத்து, "முகவரி?" என்று கேட்டார். ஹார்தோயோ சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். கூட்டம் சிரித்தது. நல்ல நகைச்சுவை உணர்வுள்ள மனிதர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் சந்தில் வாசலைக் கடந்து போகிற எவரையும் பார்த்து, "வாங்க, வந்துட்டுப் போங்க!" என்று சொல்லாமல் இருக்க முடியாது. காய்கறிக்காரியிடமும் சொல்வோம், அறுத்துக்கொண்டு ஓடும் ஆட்டைத் துரத்திக்கொண்டு போகிறவரிடமும் சொல்வோம். "ஆகட்டும், இன்னொரு நாள்" என்று சொல்லிக்கொண்டே நடையை நிறுத்தாமல் போவது அவருடைய பங்கு. மூன்று முறை சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தால், உள்ளே போகலாமா என்று அப்போது யோசிக்கத் தொடங்கலாம். அதேபோல் முகத்துக்கு நேராக 'இல்லை' என்று இங்கே யாரும் சொல்வதில்லை. 'இன்னும் இல்லை' என்போம். கல்யாணமாகாத எண்பது வயதுக்காரரைக் கேட்டாலும், "இன்னும் ஆகலை" என்றுதான் சொல்வார். மிரோனின் ஊரிலோ வா என்றால் வா, வேண்டாம் என்றால் வேண்டாம். பாவம், சொல்வளம் குறைந்த தேசம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சந்து முழுவதும் கூடிக் குப்பை பெருக்குகிற நாள். ஹார்தோயோ துடைப்பத்தை ஒலிபெருக்கிக் கம்பம் மாதிரி பிடித்துக்கொண்டு, உலக நாடுகளின் கோழைத்தனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் அவர் காலைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது சந்துமுனையில் ஒரு வெள்ளைக்காரர் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தார்.

"அடடே, மிஸ்டர்! வாங்க, வந்துட்டுப் போங்க!" என்றார் ஹார்தோயோ, பழக்கதோஷத்தில்.

"நன்றி, பாக். சொன்னீங்க, வந்துட்டேன்" என்று மிரோன் பெட்டியை அவர் வீட்டு முன்தாழ்வாரத்தில் வைத்தார்.

பெருக்கும் சத்தம் நின்றது.

"ஓட்டல் எப்படி இருந்துச்சு?" என்று பேச்சை மாற்றினார் ஹார்தோயோ.

"நல்லாத்தான் இருந்துச்சு. நேத்து திடீர்னு எல்லா ரூமுக்கும் ஒரே நேரத்துல பெயிண்ட் அடிக்கணும்னுட்டாங்க."

ஹார்தோயோவின் மனைவி ரெத்னானிங் அம்மாள், எங்கள் வழக்கில் இபு ரெத்னானிங், சர்க்கரை தூக்கலாகத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். நாங்களாக இருந்தால், குடிங்க என்று சொல்லும்வரை அதைப் பார்த்துக்கொண்டே இருப்போம். மிரோன் எடுத்துக் குடித்தார். முடித்தார். "இன்னொண்ணு கிடைக்குமா?" என்றார்.

ஹார்தோயோ தொண்டையைச் செருமிக்கொண்டார். "எங்க பின்கட்டு ரூம் ரொம்பச் சின்னது, மிஸ்டர்."

"நாற்காலியில தூங்கிப் பழகிட்டேன்."

"கொசு பிடுங்கும்."

"பரவாயில்ல. அதுங்க நாம பேசுறதைப் பதிவு பண்ணாது."

"கூரை வேற கசியும்..."

"கசிவு விஷயத்துல எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு."

எங்கள் ஊர் மனிதனாக இருந்தால், ரூம் சின்னது என்றதுமே எழுந்து, அவசர வேலை ஒன்று நினைவுக்கு வந்து, மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போயிருப்பான். இந்த மனிதருக்குக் குறிப்பு என்பதே புரியவில்லை. உலகத்து நாடுகள் எல்லாம் காகிதத்தில் எழுதி இவரை விரட்டியதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. நேரில் குறிப்புக் காட்டி விரட்டினால் போகிற ஆள் இல்லை.

சந்துத் தலைவர் பாக் சுமர்வான் வந்தார். இவர் ஓய்வுபெற்ற அஞ்சல்காரர். யாரையும் அவசரப்படுத்த மாட்டார், தானும் அவசரப்பட மாட்டார். பொரித்த டெம்பே சோயா வில்லைகளும் பச்சை மிளகாயும் வந்தன. அங்கேயே பாய் விரித்துக் கூட்டம் போட்டோம். பேசியவர்கள் அத்தனை பேரும் ஆதரித்தார்கள். ஒருவர் மிரோனை மாவீரர் என்றார். மாணவியர் விடுதி நடத்தும் இபு வுர்யானி கண் கலங்கினார். "என் வீட்ல பூரா படிக்கிற பொண்ணுங்களாப் போச்சு. இல்லேன்னா இவரைத் தங்கமா வச்சுப் பாத்துக்குவேன், தெரியுமா?"

"போன வருஷம் உன் மச்சான் ஒரு மாசம் தங்கினாரே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அவரு ஆம்பளையா? அவரு மச்சான்!"

சிரிப்பு அடங்கியதும் ஒருமனதாகத் தீர்மானங்கள் நிறைவேறின. மிரோனுக்கு முழு ஆதரவு. உலக நாடுகளின் போக்கு குறித்து ஆழ்ந்த கவலை. சந்துமுனையில் ஒரு பேனர். பேனர் என்றால் எங்களவர்கள் தாமதிக்க மாட்டார்கள். மதியத்துக்குள் அச்சாகிக் கட்டியும் ஆகிவிட்டது. 'உண்மையின் போராளியே, வருக!' அதில் போராளியின் படம் தபால்தலை அளவு. வரவேற்பவரான ஹார்தோயோவின் படம் கதவளவு.

மிரோன் பேனரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் இன்னிக்கு எங்க படுக்கட்டும்?"

அத்தனை பேருக்கும் டெம்பே மேல் திடீரென்று ஆராய்ச்சி பிறந்தது.

சுமர்வான்தான் வாயைத் திறந்தார். "ஒரு நாளைக்கு மேல யாரு தங்கினாலும் வீட்டுக்காரங்க என்கிட்ட வந்து சொல்லணும். அதான் சட்டம். சொல்லிட்டா நாளைக்கே ஜகார்த்தாவுக்குத் தகவல் அனுப்பிடுவேன். ஹார்தோயோ பாக், பெட்டி உங்க வீட்டுல இருக்கு. மிஸ்டர் உங்க விருந்தாளி இல்லைன்னா இப்பவே சொல்லிடுங்க. ஒண்ணும் தப்பில்ல."

ஒன்றும் தப்பில்லையா? உட்கார்ந்திருக்கும் விருந்தாளியின் முகத்துக்கு நேரே, அதுவும் இரண்டு தேநீர் குடித்த முகத்துக்கு நேரே, 'இல்லை' என்று எங்கள் சந்தில் இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. ஹார்தோயோ மனைவியைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார், பேனரில் இருந்த தன்னைப் பார்த்தார். மிரோன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. பல கவுன்ட்டர்களில் நின்று பழகிய மனிதரின் பொறுமை மட்டும் இருந்தது.

"அது வந்து... மிஸ்டர்... இன்னும்..." என்று இழுத்தார் ஹார்தோயோ.

"இன்னும் குளிக்கக்கூட இல்ல, பாவம்" என்று வாக்கியத்தை முடித்துவைத்தார் இபு ரெத்னானிங். "பெட்டிய உள்ள எடுத்து வைங்க, பாக். சும்மா நிக்காதீங்க." குனிந்து டெம்பேத் தட்டை எடுக்கிற சாக்கில் கணவரின் காதருகே, "கூப்பிட்டது யாரு, நானா? மைக்ல வேற கூப்பிட்டீங்களாமே!" என்றார்.

இதைப் பெரிய தியாகம் என்று நினைத்து நீங்கள் உருக வேண்டாம். அந்தப் பின்கட்டு அறையை அதுவரை ஆக்கிரமித்திருந்தவை ஹார்தோயோ கருத்தரங்குகளில் வாங்கிச் சேர்த்த துணிப்பைகள், மனித உரிமைப் பை, நதிநீர்ப் பை, சகவாழ்வுப் பை எல்லாம். அவற்றை வெளியேற்ற அந்த அம்மாள் கல்யாணமான நாளிலிருந்து காரணம் தேடிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமே அவை அடைக்கலம் இழந்தன.

திங்கட்கிழமை தகவல் போயிற்று. செவ்வாய்க்கிழமை விமானம் மிரோன் இல்லாமல் கிளம்பிற்று.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. எங்கள் வெளியுறவுத் துறை, மிரோன் இந்த நாட்டின் விருந்தாளி அல்ல, ஒரு சந்தின் விருந்தாளி, அது சந்து மட்டத்தில் எடுத்த முடிவு என்று அறிவித்தது. தாங்கள் ஒன்றும் முடிவெடுக்க வேண்டாம் என்று தெரிந்ததும் உலக நாடுகளுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. வரவேற்றன, பாராட்டின, முன்னுதாரணம் என்றன. மிரோனின் நாட்டுத் தூதர் கறுப்புக் காரில் வந்தார். கார் சந்துக்குள் நுழையாது. நடந்து வந்தவரை உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் சுமர்வான், "ஆமாங்க, புரியுதுங்க, பார்த்துக்கலாம்க" என்றார். தூதர் கை குலுக்கிவிட்டு, காரியம் முடிந்தது என்று தந்தியடித்தாராம். மாதங்களாகின்றன. இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஹார்தோயோ இப்போது மேடைகளில், "ஒரு கணம்கூட நான் தயங்கவில்லை" என்கிறார். மிரோன் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுகிறார், தலையாட்டக் கற்றுக்கொண்டுவிட்டார். எங்கள் சந்துதான் மாறிப்போயிற்று. யாராவது கடந்து போனால், கையில் பெட்டி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் வந்துட்டுப் போங்க என்கிறோம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன முகூர்த்தத்தில் கல்யாண மண்டபத்தில் யாரோ தூரத்துச் சொந்தக்காரரிடம், "எங்க ஊருக்கு வந்தா வேற எங்கயும் தங்கக் கூடாது, சொல்லிட்டேன்!" என்றீர்களே, நினைவிருக்கிறதா? அவர் சரி என்று சொல்லியிருந்தால் உங்கள் முகம் எப்படி இருந்திருக்கும்?

சும்மா கேட்கவில்லை. விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை. ஹார்தோயோவின் மகன் குடும்பத்தோடு காலிமந்தான் தீவிலிருந்து நோன்புப் பெருநாளுக்கு வந்து தங்கப்போகிறான். பின்கட்டு அறை வேண்டும். மிரோன் வேறு முகவரி தேடுகிறார். நல்ல மனிதர், தன் தட்டைத் தானே கழுவிவிடுவார். நேற்று என் சமையலறையில் வந்து நின்று, "நீங்க எழுதறதைப் படிக்கிற தமிழ் ஜனங்க எப்படி?" என்று கேட்டார். வந்தாரை வாழவைக்கிறவர்கள் என்றேன். வேறென்ன சொல்வது? அவர் பேனாவை எடுத்துவிட்டார்.

அதனால்தான் கேட்கிறேன். இதைக் கடைசிவரை படித்தவர் நீங்கள்தான். உங்கள் வீட்டு எண் என்ன?