பெரிய மிஸ்ஸும் பௌர்ணமிப் பந்தியும்

எனக்குப் பொறாமையே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மகளின் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை மேலேயே பொறாமைப்பட்டவள் நான்.

யாழினி அப்போது யுகேஜி. நான் அரைமணி கெஞ்சினாலும் தொடாத கீரையை, "பெரிய மிஸ் சொன்னாங்க" என்று வழித்துச் சாப்பிட்டாள். (பெற்றது நான், பேர் அவருக்கு!) தினமும் காலையில் அவர் கேட்டில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். இவள் என் கையை உதறிவிட்டு ஓடுவாள். திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.

பெற்றோர் கூட்டத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. "கேட்டுல நின்னு கூப்புடறதெல்லாம் ஒரு வேலையா மேடம்? யார் வேணா செய்யலாமே" என்றேன்.

அவர் சிரித்தார். "அப்போ வெள்ளிக்கிழமை நீங்க நில்லுங்கம்மா. பௌர்ணமி வேற, எனக்கும் ஒத்தாசையா இருக்கும்."

பட்டுப்புடவையில் போய் நின்றேன். மனப்பாடம் செய்த பேர்கள் எல்லாம் சீருடையைப் பார்த்ததும் மறந்துபோயின. சிரிப்பாலாவது ஜெயிக்கலாம் என்று கேட்டை அகலத் திறந்து, வருகிறவர்களை எல்லாம் "வாங்க, வாங்க" என்று கும்பிட்டேன். வெறுங்காலோடு ஒரு குடும்பம் நுழைந்தது. யாரோ ஒரு பிள்ளையின் சொந்தக்காரர்கள் என்று நினைத்தேன். பின்னாலேயே இருபது பேர். மைதானத்தில் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

பள்ளி இருப்பது கிரிவலப் பாதையில். பௌர்ணமியன்று அங்கே ஒருத்தி கும்பிட்டு அழைத்தால் அன்னதானம் இல்லாமல் வேறென்ன?

"இலை எப்பம்மா போடுவீங்க?" என்றார் ஒரு பெரியவர்.

"ஐயா, இது பள்ளிக்கூடங்க."

"இருக்கட்டும்மா. எங்க போட்டாலும் சாப்புடுவோம்."

யாழினி ஓடிவந்தாள். "ஏம்மா இவங்கள எல்லாம் கூப்ட்ட?" என் மானம் அவள் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

பெரிய மிஸ் வந்தார். அதட்டவில்லை. எல்லோருக்கும் தண்ணீர் கொடுக்கச் சொன்னார், எந்த ஊர் என்று விசாரித்தார், அடுத்த தெருமுனையில் நிஜமாகவே சாப்பாடு போடுகிற பந்தலுக்கு வழி காட்டி அனுப்பினார். பிறகு பிள்ளைகளிடம், "யாழினி அம்மா கூப்புடலன்னா இவங்களுக்கு யாரு தண்ணி கொடுத்திருப்பா? கை தட்டுங்க" என்றார்.

திட்டியிருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதற்கும் வழி விடவில்லை அந்த மனுஷி.

அன்று சாயங்காலம் நான் சொன்ன பேச்சுக்கெல்லாம் யாழினி தலையாட்டினாள். செருப்பை ஓரமாக வைத்தாள், தானே கை கழுவினாள். கைதட்டலுக்குப் பலன் இருக்கிறது என்று பூரித்துப்போய்க் கட்டிக்கொண்டேன்.

"அம்மா சொன்னாலும் கேக்கணும்னு பெரிய மிஸ் சொல்லிட்டாங்கம்மா" என்றாள்.

இப்போது மூன்றாம் வகுப்பு. நான் எதைச் சொன்னாலும் என் வீட்டுக்காரர் அவளைப் பார்த்துக் கண்ணடிப்பார்: "கேக்கலாமா பாப்பா?"

"இருப்பா, மிஸ்ஸ கேட்டுட்டு சொல்றேன்."