டேமிட் அக்காவின் திட்டுகள்

திருப்பதியில் டேமிட் அக்காவைப் போல இனிக்க இனிக்கத் திட்டத் தெரிந்தவர் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. சந்தேகம் இருந்தால், அவளிடம் திட்டு வாங்கிவிட்டு இப்போது பெங்களூரிலும் அமெரிக்காவிலும் உட்கார்ந்திருக்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஊரில் தடுக்கி விழுந்தால் கம்ப்யூட்டர் சென்டர் வாசலில்தான் விழ வேண்டும் என்றிருந்த காலம் அது. நகரியிலிருந்து எம்.சி.ஏ. படிக்கப் போன நான் தங்கிய மகளிர் விடுதியில் வார்டன், சமையல், வாட்ச்மேன் மூன்றும் அவளே. எழுதப் படிக்கத் தெரியாது. எதற்கும் பெருவிரல் ரேகைதான். ஆனால் கோபம் வந்தால் வாயில் இங்கிலீஷ்தான் வரும்.

அதிலும் ஓர் அளவு உண்டு. தோசை கருகினால் ‘டிராட்’. தண்ணீர் மோட்டார் மக்கர் செய்தால் ‘டார்ன்’. கரண்ட் போனால் ‘பிளாஸ்ட்’. பால்காரருக்கு ‘பிளடி ஃபூல்’. ‘டேமிட்’ மட்டும் மாதத்துக்கு ஒருமுறை, கேஸ் தீரும் அன்று. அது தெருக்கோடிவரை கேட்கும் என்பதால் அதுவே பெயராகிவிட்டது.

“தமிழ்ல திட்டினா என்னக்கா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“மலை மேல கீறவருக்குத் தமிழும் தெரியும், தெலுங்கும் தெரியும். இங்கிலீஷ்ல திட்டிக்கினா கண்டுக்க மாட்டாரு.”

அறைத்தோழி வசந்தா சித்தூர்க்காரி, எம்.ஏ. இங்கிலீஷ். அவளுக்கு இது பொறுக்கவில்லை. அகராதியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே போனாள்.

“அக்கா, இந்த டிராட், டார்னெல்லாம் நெஜத் திட்டே இல்ல. டிராட்டுன்னா வெறும் ‘சே’தான். டேம்னு சொல்ல பயந்துக்கினு டார்ன்னு சொல்றாங்க. ஹெல்லுனு சொல்ல பயந்துக்கினு ஹெக்குனு சொல்றாங்க. எல்லாம் சக்கர தடவினது.”

“கொழந்த இருக்கிற வூட்ல பின்ன எப்பிடிப் பேசுவாங்க?” என்று சொல்லிவிட்டு அக்கா புளி கரைக்கப் போய்விட்டாள். வசந்தா அகராதியை மூடிக்கொண்டு வந்தாள்.

என் நைனா முதன்முதலாக என்னைப் பார்க்க வந்தபோது, வாசலில் பால்காரருக்கு அர்ச்சனை நடந்துகொண்டிருந்தது. நான் அவரைத் திரும்பத் தெருவுக்கே இழுத்தேன். நைனாவோ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மரியாதையாக ஒதுங்கி நின்றார்.

“வார்டனம்மா பால்காரன்கிட்டகூட இங்கிலீஷ்லதான் பேசறாங்க! நீ வேற எங்கியும் போவாத, இங்கியே இரு” என்றார்.

படிப்பு முடிந்தது. அமெரிக்காவில் வேலை கிடைத்தது. சென்னையில் விசா இன்டர்வியூ. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த வெள்ளைக்காரர் முகத்தைப் பார்த்ததும் ஃபைலைக் கீழே போட்டேன். சர்டிபிகேட்டெல்லாம் தரையில் பரவின. “ஓ, டிராட்!” என்றேன், என்னை அறியாமல்.

அவர் நிமிர்ந்தார். அந்த வார்த்தையைத் தன் பாட்டிக்குப் பிறகு யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்று சொல்லி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அடுத்து கேட்டவை எல்லாம் பேருக்குக் கேட்ட கேள்விகள்தான். விசா கிடைத்துவிட்டது.

திருப்பதிக்கு ஓடிவந்து, குதித்துக் குதித்து அக்காவிடம் அதை நடித்துக் காட்டினேன். விடுதியே உருண்டு சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள். கிளம்பும் நாள்வரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. என்ன தப்பு செய்தேன் என்று எனக்குப் புரியவில்லை.

ஆனால் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். சென்னை பஸ்ஸில் நான் உட்கார்ந்த ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டு, எங்கோ பார்த்தபடி பேசினாள்.

“பாகாலாவுல ரயில்வே கார்டு ஒருத்தரு வூட்ல வேலைக்கு இருந்தேன். இங்கிலீஷ் பேசற ஆங்கிலோ இந்தியன் குடும்பம். அவுங்க பாப்பாவ அஞ்சு வயசு வரிக்கும் நான்தான் தூக்கி வளத்தேன். அப்பறம் எல்லாரும் ஆஸ்திரேலியாவுக்குப் போய்ட்டாங்க. பாப்பாவோட அம்மா வாயில வந்த வார்த்தைங்கதான் எனக்கு மிச்சம். அத்தயே சொல்லிக்கினு நாள ஓட்டிக்கினு இருந்தேன். இப்ப பாரு, அதே வார்த்த உன்னையும் ஏரோப்பிளேன்ல ஏத்திடுச்சி.”

“என்னத் திட்டிடுக்கா” என்றேன்.

உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு, மாட்டேன் என்று தலையாட்டினாள். பஸ் நகர்ந்தபோது, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தாள்.

அமெரிக்கா போன பிறகு ஞாயிறு தவறாமல் காலிங் கார்டு வாங்கி, விடுதிக்குப் போன் போட்டு அக்காவிடம் பேசினேன். விடுதியில் ஒவ்வொரு பெண்ணாகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கட்டடத்தையே விற்றுவிட்டார்கள். அக்கா வடமாலபேட்டையில் தங்கை மகன் வீட்டுக்குப் போவதாக இருந்தது. அங்கே போன் கிடையாது. அதனால் அவள் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை இருவரும் எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட்டோம்.

“இன்னும் பேசறதுக்கு இன்னா இருக்குது, ஒண்ணும் இல்லமா” என்றாள். உடனே, “ஆனா வெச்சிடாத” என்றாள்.

நான் வைக்கவில்லை. அவள் மூச்சு விடுவதையும், பின்னால் குக்கர் விசிலடிப்பதையும், கார்டு தீரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன்.