டைகருக்கு எடுத்த கிறிஸ்மஸ் படம்

தங்கையின் வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் உண்டு. தங்கையின் சேலையை, தலைமுடியை, ஏன், தங்கையின் புருஷனைப் பார்த்துக்கூடப் பெருமூச்சு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் பொறாமைப்பட்டது தங்கையின் நாயைப் பார்த்து.

ரோஸ்லின் நுவரெலியாவில் இருக்கிறாள். அவளிடம் ஸ்னோவி என்று ஒரு வெள்ளை நாய். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அதற்குச் சிவப்புத் தொப்பி மாட்டி, அலங்கரித்த மரத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் படம் எடுத்து, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். அதுவும் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு பார்க்கும். அவ்வளவுதான், கட்டாரில் இருக்கும் தம்பியிலிருந்து எல்லோரும் இதயம் இதயமாக அனுப்பித் தள்ளுவார்கள். அம்மா குரல் பதிவிலேயே கொஞ்சுவார். (நான் டீச்சராகி முதல் நாள் பள்ளிக்கூட வாசலில் நின்று எடுத்த படத்துக்கு அம்மா அனுப்பியது ஒரே ஒரு கட்டைவிரல். அதுவும் கை தவறிப் பட்டதோ என்னவோ!)

டயகம தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது. பெயர் டைகர். பெயர் மட்டும்தான் அப்படி. பால் ஊற்றாத தேத்தண்ணி நிறம், ஒரு காது மேலே, ஒரு காது கீழே. போன கிறிஸ்மஸுக்கு ஸ்னோவி புதுச் சட்டையோடு குழுவில் வந்து இறங்கியதும் எனக்குத் தாங்கவில்லை.

"என்னங்க, நாளைக்கு டைகர போட்டோ எடுக்குறோம்" என்றேன் கணவர் அந்தோனியிடம்.

"எதுக்கு, அடையாள அட்டைக்கா?"

மறுநாள் டைகரைச் சுடுதண்ணீரில் குளிப்பாட்டினேன். மல்லிகைப்பூ வாசனைப் பவுடர் போட்டேன். அது மூன்று முறை தும்மிவிட்டு, நேரே அடுப்படிச் சாம்பலில் போய்ப் புரண்டது. மறுபடியும் குளியல். மறுபடியும் பவுடர். என் சிவப்புக் கம்பளித் தொப்பியைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டி, இயேசு பாலனுக்கு நாங்கள் ஜோடித்திருந்த குடிலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். சாதா மரத்துக்குப் பக்கத்தில் உட்கார ஸ்னோவி இருக்கிறது. நம் நாய் கொஞ்சம் பக்தியாக இருக்கட்டும் என்று நினைப்பு.

அந்தோனி கையில் போன். என் கையில் இறைச்சித் துண்டு.

"எடுத்துக்கிட்டே இருங்க, நிப்பாட்டாதீங்க" என்றேன்.

டைகர் இறைச்சியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, சுவரைப் பார்த்தது. போனை மட்டும் பார்க்கவில்லை. நான் மண்டியிட்டுக் கெஞ்சினேன்.

"டேய், கொஞ்சம் தலைய சாய்டா! அந்த ஸ்னோவி என்னமா சாய்க்குது? அதெல்லாம் ஒரு நாயாடா? பவுடர் போட்ட பஞ்சு மூட்ட! அவளும் சின்ன வயசுலேருந்து அப்படித்தான். ஒழுங்கா ஒரு ரொட்டி சுடத் தெரியாது, போட்டோன்னா மட்டும் முன்னால வந்து நின்னுக்குவா!"

டைகர் மெல்லத் தலையைச் சாய்த்தது. எனக்கோ ஆனந்தக் கண்ணீர். அது சாய்த்தது குடிலுக்குள் இருந்த ஒட்டகப் பொம்மையைக் கவ்வுவதற்கு என்று அடுத்த நொடிதான் தெரிந்தது. ஒட்டகத்தைத் தூக்கிக்கொண்டு, குடிலின் வைக்கோல் கூரையையும் தொப்பியில் மாட்டி இழுத்துக்கொண்டு, வெளியே பாய்ந்து தேயிலைக்குள் போய்விட்டது. நானும் பின்னாலேயே ஓடினேன். ஓடும்போதே, "இதுல நல்லதா பார்த்து குரூப்புக்கு அனுப்பிவிடுங்க!" என்று கத்தியது என் கிரகம்.

எங்கள் வீட்டு சிக்னலில் வருவது வரும், இங்கிருந்து எதுவும் போகாது. எதையாவது அனுப்ப மேலே தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில்தான் போக வேண்டும். ஒட்டகத்தைக் கால் ஒடிந்த நிலையில் மீட்டுக்கொண்டு, முழங்காலெல்லாம் சேறாக நான் திரும்பி வந்தபோது, அவர் அங்கேயிருந்து சிரித்த முகமாக இறங்கி வந்தார்.

"அனுப்பிட்டேன்."

"எந்த போட்டோவ?"

"போட்டோ எங்க? நீதானே நிப்பாட்டாம எடுக்கச் சொன்ன? வீடியோதான்."

(சத்தத்தோடவா? சத்தத்தோடதான்!)

போனைப் பிடுங்கிக்கொண்டு நான் மேட்டில் ஏறிய வேகத்தில் மூச்சே நின்றிருக்கும். அழிக்க வேண்டும் என்று போனைத் திறந்தால், எல்லோரும் பார்த்து முடித்திருந்தார்கள். தம்பி வயிற்றைப் பிடித்துச் சிரிக்கும் முகங்களாக அனுப்பியிருந்தான். அம்மா குரல் பதிவில், "ஏன்டி, நல்ல நாளு அதுவுமா கூடப்பொறந்தவள இப்படியா பேசுவ?" என்றார். ரோஸ்லினிடமிருந்து ஒரு எழுத்து இல்லை. அழைத்தேன். எடுக்கவில்லை. அன்றிரவு கிறிஸ்மஸ் பூசையில் சமாதான வாழ்த்துச் சொல்லும்போது பக்கத்தில் இருந்தவர்களிடம் கை நீட்டவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

கிறிஸ்மஸ் அன்று மத்தியானம் வாசலில் வேன் சத்தம். ரோஸ்லின் இறங்கினாள். ஒரு கையில் கேக் பெட்டி, மறு கையில் ஸ்னோவி.

"வீட்டுல ஆளில்ல. அதான் பஞ்சு மூட்டையையும் தூக்கிக்கிட்டு வந்தேன்" என்றாள். "கேக்கு கடையில வாங்குனது. பயப்படாம சாப்பிடு."

நாய்கள் இரண்டையும் முற்றத்தில் விட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்தோம். "ஏதோ கோவத்துல வந்துருச்சு" என்று இழுத்தேன்.

"கோவமா? வயித்தெரிச்சல்னு சொல்லு" என்றாள். பிறகு கேக் பெட்டியை என் பக்கம் தள்ளினாள். "அக்கா, அம்மாகூட கடைக்குப் போயிருக்கியா? தக்காளி விக்கிறவங்ககிட்டகூட 'எங்க மூத்தவ டீச்சர்'னுதான் பேச்சத் தொடங்குவாங்க. நான் யாருன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. எனக்கு வருஷத்துக்கு ஒரு நாள், அந்த நாய் போட்டோ ஒன்னு. அதையுமா பிடுங்கணும்?"

அம்மா அப்படிச் சொல்வார் என்பதே எனக்குத் தெரியாது. என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இத்தனை வருஷமாக நான் அவளைப் பார்த்து வெந்துகொண்டிருக்க, அவள் என்னைப் பார்த்து வெந்திருக்கிறாள். இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதோம். (அழுதபடியே, அவள் தோடு புதுசா என்று நான் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன்.)

அழுகை ஓய்ந்தபோதுதான் முற்றத்தில் சத்தமே இல்லை என்பது உறைத்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் நாய்களைக் காணோம். மழை தூறத் தொடங்கியிருந்தது. வெகுநேரம் தேடி, விறகுக் கொட்டகைக்குப் பின்னால் கண்டுபிடித்தோம். ஸ்னோவி தலை முதல் வால் வரை சேறு. டைகர் அதன் காதை நக்கிக்கொண்டிருந்தது. இரண்டும் எங்களைப் பார்த்த பார்வையில் துளி வெட்கம் இல்லை.

"ஐயோ, என் புள்ள!" என்று ரோஸ்லின் அலறினாள்.

அந்தோனி மட்டும் கதவோரம் நின்று, "நம்ம பையன் மேல ஒரு தப்பும் இல்ல" என்றார் நிதானமாக.

இரண்டு மாதம் கழித்து, தவக்காலம் தொடங்கிய வாரத்தில் ரோஸ்லினிடமிருந்து அழைப்பு வந்தது. எடுத்ததும், "சம்பந்தியம்மா, சௌக்கியமா?" என்றாள். ஸ்னோவிக்கு நாலு குட்டி.

அன்றிலிருந்து அவள் என்னை அக்கா என்று கூப்பிடுவதில்லை. கோவிலானாலும் பஸ்ஸானாலும் "சம்பந்தி"தான். புதியவர்கள் யாராவது விளக்கம் கேட்டால், லீவில் வந்திருக்கிற தம்பி அந்த வீடியோவை எடுத்து முதலிலிருந்து போட்டுக் காட்டுகிறான். அந்தோனி நுவரெலியாவுக்குப் போனால் மாப்பிள்ளை வீட்டுக்காரராம். முதல் பந்தியில் உட்காருகிறார்.

போன கிழமை ரோஸ்லின் குட்டிகளின் படத்தைக் குழுவில் போட்டாள். நாலும் தேத்தண்ணி நிறம். நாலுக்கும் ஒரு காது மேலே, ஒரு காது கீழே. அதற்குக் கீழே அவள் எழுதியிருந்தது: 'அப்படியே எங்க ஸ்னோவி ஜாடை!' இதயங்கள் வந்து குவிந்துகொண்டிருந்தன. அத்தனையும் அவளுக்கு.

நான் போனை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தாங்கிக்கு விரைந்தேன். அந்தோனி பின்னாலிருந்து கூப்பிட்டார்: "ஏய், பார்த்து எழுது! பொண்ணு வீட்டோட சண்ட வேணாம்."