கிராஃபுக்குக் கீழே என் வாய்

பரீட்சை ஹாலில் புரொஃபசரைத் திட்டாதவர் யாருமில்லை. மற்றவர்கள் மனசுக்குள் திட்டுவார்கள். எனக்குக் கண் தெரியாது. பதிலை நான் வாய்விட்டுச் சொல்ல, இன்னொருவர் எழுத வேண்டும். (மனசுக்கும் வாய்க்கும் நடுவில் எனக்குக் கதவும் கிடையாது.)

திருச்சியில் பி.ஏ. எகனாமிக்ஸ், கடைசி இன்டர்னல். எனக்காக எழுத வந்தவள் செல்வி. மருங்காபுரிப் பெண், பாட்டனி முதல் வருஷம்.

"அவங்க சொல்றதை அப்படியே எழுதணும். ஒரு வார்த்தை கூடினாலோ குறைஞ்சாலோ பேப்பர் செல்லாது" என்று மிரட்டிவிட்டுப் போனார் சூப்பர்வைசர். செல்வி நடுங்கிப் போயிருந்தாள். நானோ ஜாலியாகப் பொழிந்து தள்ளினேன்.

மறுவாரம் டிபார்ட்மென்டில் கூப்பிட்டார்கள். பாடம் எடுத்த சார் கொதித்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு தெரியாத பொண்ணு எப்படி கிராஃப் போடும்? எழுதின பொண்ணு போட்டுக் குடுத்திருக்கு. பேப்பரை கேன்சல் பண்ணுங்க மேடம்!"

கேன்சல் ஆனால் செமஸ்டர் எழுத முடியாது.

"இருங்க சார், கிராஃபுக்குக் கீழயும் என்னமோ எழுதியிருக்கு" என்ற ஹெச்.ஓ.டி. மேடம், சத்தமாகப் படித்தார்.

"'செல்வி, தேவைக் கோட்டை இடது மேலேருந்து வலது கீழே இறக்கு. அளிப்புக் கோட்டை ஏத்து. மலைக்கோட்டை ஏறுற மாதிரி வேணாம்டி, காவிரிப் பாலம் ஏறுற மாதிரி மெதுவா. ரெண்டும் வெட்டுற இடம்தான் விலை. இதை அந்த சார் ஒரு மணி நேரம் தாலாட்டாப் பாடினாரு. ஃபேனைக் கொஞ்சம் குறைடி.'"

(பூமி பிளக்கவில்லை. கேட்டுப் பார்த்தேன்.)

"பாட்டனி பொண்ணு உங்க கிளாஸ்ல தூங்கியிருக்க முடியாது சார்" என்றார் மேடம். "பதில் இவளோடதுதான்."

சார் பேப்பரைத் திரும்ப வாங்கினார். பிறகு பேனா கிறுக்கும் சத்தம். "கிராஃப்ல ரெண்டு அச்சுக்கும் பேர் போடலை. ஒரு மார்க் கட்."

"மத்தவங்களுக்கும் கட்டா சார்?" என்றேன்.

"எல்லாருக்கும்தான்."

அந்த ஒரு மார்க்குக்காக சாருக்கு இன்னும் நன்றி சொல்கிறேன். 'பாவம், கண் தெரியாது' என்று அவர் அதை விட்டுக்கொடுத்திருந்தால், மிச்ச மார்க்கையும் நான் நம்பியிருக்க மாட்டேன். பயத்தில் ஒரு எழுத்தைக்கூட விடாத செல்விக்குத்தான் பெரிய கும்பிடு.

இப்போதும் ஸ்ரீரங்கத்து வீட்டில் அம்மா வைத்த சாம்பாரை நான் குறை சொல்ல வாயெடுத்தால் போதும். தம்பி கத்துவான்:

"அக்கா, ஒரு நிமிஷம்! செல்விக்கு ஃபோன் போட்டுக்கிறேன்."