'கன்னா' தந்த பெருவாழ்வு

தங்கச் சுரங்கம் மூடிய பிறகு கோலார் தங்கவயலுக்குக் கிடைத்த பெரும் புதையல் எதுவென்று கேட்டால், தயங்காமல் 'கன்னா' என்பேன். 'கோயிங் டு' என்று முழுதாகச் சொல்பவர் பாமரர். 'கன்னா' என்று சுருக்குபவர் பெங்களூரில் வேலை பார்க்கப் பிறந்தவர். இதைக் கண்டறிந்தவர் எங்கள் இயக்குநர் கிளாரன்ஸ் சார். ராபர்ட்சன்பேட்டையில் பேக்கரி மாடியில் இயங்கும் அவருடைய 'சர்வதேச' ஆங்கிலப் பயிற்சி மையத்துக்கு நான் ஒருங்கிணைப்பாளன்.

மையத்தில் 'கன்னா', 'வான்னா' சொன்னால் கைதட்டல். 'இன்னா' என்றால் வெளியே நிற்க வேண்டும்.

மைசூர் மைன்ஸ் சுரங்கக் குடியிருப்பிலிருந்து வந்த வாணி ஒருநாள் வகுப்பில் எழுந்து நின்றாள்.

"இங்கிலீஷ்காரங்க வார்த்தையக் கடிச்சா கைதட்டுறோம். நாங்க 'என்ன'வ 'இன்னா'ன்னா வெளிய நிக்கணும். இன்னா சார் ஞாயம் இது?"

"அது ஸ்டைல். இது கொச்சை," என்றார் கிளாரன்ஸ் சார்.

"யார் சார் சொன்னது?"

ஒழுங்கு நடவடிக்கைக் குழு உடனே கூடியது. அதாவது சாரும் நானும். வாணி ஏகமனதாக நீக்கப்பட்டாள்.

அடுத்த மாதம் பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் தொலைபேசிப் பிரிவுக்கு நேர்காணல். எங்கள் மையத்தில் முதலிடம் பெற்ற எலைனும், நீக்கப்பட்ட வாணியும் பங்காருபேட்டையில் ஒரே ரயிலைப் பிடித்தார்கள். எலைனின் அப்பாவுக்கு வேலை போய்விட்டது; வீடே அவளை நம்பியிருந்தது. தேர்வாக, குடியாத்தத்திலிருந்து வந்த ஓர் அழைப்பை முதலில் எலைனிடம் கொடுத்தார்கள்.

"டாக்டரு இன்னா மணிக்கு வருவாரும்மா?"

"ஹீஸ் கன்னா பீ ஹியர் சூன்," என்றாள் எலைன், பயிற்சி பிசகாமல். ஒன்றும் புரியாமல் மறுமுனை அழத் தொடங்கியது.

வாணி போனை வாங்கினாள். "பத்து மணிக்கு வருவாரும்மா. நீங்க இன்னாத்துக்கு அழறீங்க? நான் டோக்கன் போட்டு வெக்கிறேன், வாங்க."

வேலை வாணிக்கு.

மறுவாரம் பேக்கரி வாசலில் அவளுடைய ஆளுயரப் படம்: 'எங்கள் பயிற்சியின் வெற்றி'. வாணி மாடியேறி வந்தாள்.

"என்னை வெளிய தள்ளிட்டு, என் படத்த இன்னாத்துக்கு சார் வெச்சீங்க?"

"இன்னாம்மா நீ," என்றார் சார். இந்த 'இன்னா'வுக்குக் குழு கூடவில்லை. "தள்ளுனதாலதானே உனுக்கு வேலை கெடச்சுது?"

எங்கள் பயிற்சியை இவ்வளவு துல்லியமாக யாரும் மதிப்பிட்டதில்லை. எலைனை மட்டும் நாங்கள் கைவிடவில்லை. உயர்நிலை வகுப்பில் சேர்த்திருக்கிறோம்.