கண்ணை மூடினால் காணாமல் போகும் கேக்

"கண்ணைத் திறங்க," என்றார் பயிற்சி மேடம்.

தட்டில் ஒன்பது துண்டு கேக் இருந்தது. இப்போது ஏழுதான். அத்தனை பேர் பார்வையும் நேராக டிரைவரின் தொப்பை மேல் போய் நின்றது.

"நானா? அடப்பாவிகளா! இந்தா, பாருங்க!" டிரைவர் வாயை ஆவென்று திறந்து காட்டினார்.

"முழுங்கியிருப்பீங்க," என்றார் கண்டக்டர்.

டிரைவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே? இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டின மனுஷன். ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டதென்று டிப்போ டாக்டர் வண்டியைப் பிடுங்கிவிட்டு, பயணிகள் மறந்துவிட்டுப் போன குடைகளுக்குக் காவல் போட்டுவிட்டார். இந்த நாலு நாள் மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பை முடித்து மேடத்திடம் கையெழுத்து வாங்கினால்தான் மறுபடி ஸ்டியரிங். இல்லையென்றால் ரிட்டயர் ஆகும்வரை குடைதான்.

வகுப்பில் மொத்தம் எட்டுப் பேர். எல்லாரும் டிப்போ ஆட்கள், எல்லாருக்கும் சர்க்கரை. பயிற்சி ரொம்ப சுலபம். நடுவில் கேக்கை வைத்து, பத்து நிமிஷம் கண்ணை மூட வேண்டும். "ஆசை வந்தா வரட்டும். சண்டை போடாதீங்க. நாக்குல வருதா, வயித்துல வருதான்னு சும்மா கவனிங்க. தானா போயிடும்," என்பார் மேடம்.

டிரைவருக்கு ஆசை நிஜமாகவே போனது. கூடவே கேக்கும் போனதுதான் வினை.

மறுநாள் நாற்காலியை இழுத்துக்கொண்டு அறையின் கடைசி மூலையில் போய் உட்கார்ந்தார். கண்ணைத் திறந்தால் நாலு துண்டைக் காணோம்.

"நடந்து வந்து எடுத்திருக்கார்," என்றார் மெக்கானிக்.

"நூத்திப்பத்து கிலோ நடந்தா தரை அதிராது? உன் காதுல விழாது?"

"நாங்கதான் தியானத்துல இருந்தோமே!"

மூன்றாம் நாள் ஹெல்மெட்டை மாட்டி, கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்கு ஆறு துண்டு போச்சு.

"மறைச்சு வெச்சுத் தின்ன நல்ல வசதி," என்றார் டைம்கீப்பர். மற்றவர்கள் வெட்கமே இல்லாமல் சிரித்தார்கள்.

கடைசி நாள். டிரைவர் ஒரு கயிறோடு வந்தார். "கட்டுய்யா! நீயே உன் கையால கட்டு!" என்று கண்டக்டரிடம் இரண்டு கையையும் நீட்டினார். கண்டக்டரும் தாட்சண்யமே பார்க்காமல் நாற்காலியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார்.

பத்து நிமிஷம் கழித்துத் தட்டில் ஒரே ஒரு துண்டு கிடந்தது.

"பல்லால அவுத்து, தின்னுட்டு, பல்லாலயே திரும்பக் கட்டிக்கிட்டிருக்கார்!" என்றார் மெக்கானிக்.

"நான் என்ன சர்க்கஸ்காரனாய்யா?" டிரைவருக்குக் கோபத்தில் கண்ணே கலங்கிவிட்டது. "மேடம், நீங்களாவது நியாயம் சொல்லுங்க. எனக்கு என் வண்டி வேணும்!"

மேடம் உதட்டோரத்தைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு பேனாவை மூடினார். "சாரி. கேக்கைத் தின்னதைக்கூட மன்னிச்சிருப்பேன். பொய்யை மன்னிக்க மாட்டேன். கையெழுத்து கிடையாது."

வகுப்பு முடியட்டும் என்று தினமும் போல டீத் தட்டோடு வாசலில் நின்றிருந்த கேன்டீன் அக்கா, ஒன்றும் புரியாமல் உள்ளே வந்தார்.

"அண்ணனை ஏன் மேடம் திட்டுறீங்க? நீங்களும் சேர்ந்து எட்டுப் பேரும் கண்ணைத் திறந்து ஆளுக்கொண்ணு எடுத்துக்கிட்டீங்க, மிச்சம் இருக்கிறது அவரோட பங்குதானே?"